ரப்பீஸ் மலை அக்கா

ஆரணியில் சொந்தமாக ஒரு மலை வைத்திருந்த ஒரே மனுஷி எங்கள் அக்காதான். கூடப் பிறந்தவள் இல்லை. ஊரில் பாதிப் பேருக்கு அவள் அக்கா, மீதிப் பேருக்கு ‘ஏம்மா மேஸ்திரி’. பெயர் ஒன்று இருந்தது. அதைச் சொன்னால் ஒருவருக்கும் விளங்காது. ‘ரப்பீஸ் மலை அக்கா’ என்று கேட்டால் பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்காரர் டீயை ஆற்றிக்கொண்டே வழி சொல்லிவிடுவார். மரியாதையாக ‘அவர்’ என்று எழுதத்தான் பார்த்தேன். எழுதிப் படித்தால் யாரோ தாலுக்கா ஆபீசர் மாதிரி இருக்கிறது. அக்கா கேட்டால் வயிறு வலிக்கச் சிரிப்பாள். அதனால் ‘அவள்’தான்.

அக்காவுக்குத் தொழில் வீடு இடிப்பது. தொண்ணூறுகளில் எங்கள் நெசவுத் தெருக்களில் ஒரு காய்ச்சல் அடித்தது. பழைய ஓட்டு வீட்டை இடித்து மாடி கட்டாதவன் மனுஷனே இல்லை. பட்டு கொஞ்சம் நன்றாக விற்றால் உடனே அக்காவுக்கு ஆள் போகும். புடவைக்கு மேல் புருஷனின் பழைய முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, புருவமெல்லாம் சுண்ணாம்புத் தூள், தோளில் கடப்பாரை, இப்படித்தான் வந்து நிற்பாள். பின்னாலேயே அவள் புருஷன் டிராக்டரை ஓட்டிக்கொண்டு வருவார். அவர் பேசி நான் கேட்டதில்லை. வீட்டுக்கு ஒருவர் பேசினால் போதும் என்று விட்டுவிட்டார் போலிருக்கிறது.

இடித்தபின் மிஞ்சுகிற உடைந்த செங்கல், காரை, ஓட்டுச் சில்லு எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கட்டட வேலைக்காரர்கள் வைத்த பெயர் ரப்பீஸ். அதைக் கொட்ட இடம் வேண்டுமே? போளூர் ரோட்டில், ஊர் முடிகிற இடத்தில், கைவிட்ட செங்கல் சூளை ஒன்று இருந்தது. மண் எடுத்து எடுத்துப் பெரிய பள்ளமாகக் கிடந்தது. நிலத்துக்காரர் வேலூரில் இருந்தார். "பள்ளத்தை மூடிக் குடும்மா, உனக்குப் புண்ணியமாப் போவும்" என்று அக்காவிடம் சொல்லிவிட்டுப் போனார். மனுஷன் பள்ளத்தை மூடத்தான் சொன்னார். இவள் மூடிவிட்டு, அதன்மேல் மலையையும் எழுப்பிவிட்டாள்.

எல்லாம் ஒரு சாயங்காலம் செய்த வேலை. பள்ளம் நிரம்பி, தரைக்கு மேல் ஆளுயரத்துக்குக் குவியல் நின்றது. அக்கா அதன்மேல் ஏறிப் பார்த்திருக்கிறாள். சந்தவாசல் பக்கம் நீலமாக மலை தெரிந்திருக்கிறது. அவள் பிறந்த ஊர் அந்த மலையடியில்தான். "யோவ், எங்க ஊரு மலை தெரியுதுய்யா!" என்று புருஷனைக் கூப்பிட்டாளாம். அவர் ஏறி வந்து பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாராம். இன்னும் கொஞ்சம் கொட்டினால் கோயில் கோபுரம் தெரியும் என்றாள். கோபுரம் தெரிந்ததும், இன்னும் கொஞ்சம் கொட்டினால் ஆறு தெரியும் என்றாள். ஆறு தெரிந்ததும் ஏரி. இப்படியே ஆசை வளர வளர மலையும் வளர்ந்தது. சில வருஷத்தில் ஊரிலுள்ள மாடி வீடெல்லாம் அதற்குக் கீழே போய்விட்டது. டிராக்டர் சுற்றிச் சுற்றி ஏற ஒரு பாதை போட்டாள். உச்சியைத் தட்டி நிரவி, யார் வீட்டிலோ கழித்துப் போட்ட துவைக்கிற கல்லை இழுத்துவந்து உட்கார இடம் செய்தாள்.

அக்காவுக்கு ஒரு வியாதி உண்டு. எதையும் தனியாகப் பார்க்கத் தெரியாது. நல்லதாக ஒன்று கண்ணில் பட்டுவிட்டால், பக்கத்தில் யார் இருந்தாலும் கையைப் பிடித்து இழுத்துக் காட்டினால்தான் அவளுக்குச் சோறு இறங்கும். "நான் மட்டும் பாத்தா அது பாத்த கணக்கா?" என்பாள்.

எங்கள் வீட்டை இடிக்க வந்தபோதுதான் எனக்குப் பழக்கம். நான் போளூரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த புதிது. கொல்லையில் கீற்றுக் கொட்டகை போட்டு அதில் சமைத்துக்கொண்டிருந்தேன். "சின்னம்மா, ஜல்தி வாங்க! ஜல்தி!" என்று மேலேயிருந்து ஒரே கத்தல். யாரோ விழுந்துவிட்டார்கள் என்று கரண்டியோடு ஓடினேன். அக்கா பாதி இடித்த சுவரின்மேல் நின்றுகொண்டு ஏணியைக் காட்டினாள். எனக்கு ஏணி என்றால் உதறல். "அட ஏறிப் பாருங்கன்றேன், நான் புடிச்சிக்கறேன்" என்று கையைக் கொடுத்தாள். ஏறினேன். ஏரியிலிருந்து கிளம்பிய கொக்குக் கூட்டம் ஒன்று வளைந்து வளைந்து ஊர்மேல் போய்க்கொண்டிருந்தது. அவ்வளவுதான் விஷயம். அதற்குள் குழம்பு அடிப்பிடித்து, தெருவே நாறிப்போனது. மாமா, அதாவது என் மாமனார், சாப்பிடும்போது கத்து கத்தென்று கத்தினார். நான் தலையைக் குனிந்துகொண்டு கேட்டேன். உள்ளுக்குள் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

இன்னொரு தடவை பஸ் ஸ்டாண்டு வளைவில் லோடு டிராக்டரை நட்டநடு ரோட்டில் நிறுத்திவிட்டாள். மழை விட்ட நேரம், வானவில் போட்டிருந்தது. பின்னால் வந்த பஸ் கண்டக்டர் விசில் ஊதித் தீர்த்தார். "ஏம்பா, இன்னாத்துக்கு ஊதுற? பஸ்ஸு அப்புறமும் போவும், வானவில்லு நிக்குமா? எறங்கிப் பாரு!" என்று இவள் அதட்டினாள். ஜனங்களும் இறங்கிவிட்டார்கள். கண்டக்டர் "பேஜாராப் போச்சும்மா உன்னோட" என்று திட்டிக்கொண்டே அண்ணாந்து பார்த்ததை நானே கண்ணால் கண்டேன்.

அப்படிப்பட்டவளுக்கு மலை கிடைத்தால் விடுவாளா? காய்கறிக்காரியில் தொடங்கி கணக்குப்பிள்ளை வரை ஒருவரையும் விடவில்லை. அமாவாசையன்று தறிக்கு லீவு. அன்றைக்கு எங்கள் தெருப் பெண்களெல்லாம் மலைக்குக் கிளம்பிவிடுவோம். அக்கா ஒரு கூடை நிறைய மல்லாட்டை வேகவைத்துக் கொண்டுவந்திருப்பாள். வேர்க்கடலையை நாங்கள் மல்லாட்டை என்றுதான் சொல்வோம். தோலை உரித்து வாயில் போட்டுக்கொண்டே ஊரைப் பார்க்க வேண்டியது. "உன் வூடு எது, காட்டு பாக்கலாம்" என்று ஆரம்பிப்பாள். ஒருத்தியும் சரியாகக் காட்டமாட்டாள். தன் வீட்டை யார் மேலேயிருந்து பார்த்திருக்கிறோம்? பக்கத்து வீட்டுக்காரி ரைஸ் மில்லைக் காட்டித் தன் வீடு என்றாள். "அடி ஆத்தே, அம்மாம் பெரிய வூடா? சொல்லவே இல்ல!" என்று நாங்கள் அவளைப் பல நாள் ‘மில்லுக்காரம்மா’ என்றே கூப்பிட்டோம். நாள் முழுக்கக் குழித்தறியில் உட்கார்ந்து, முழ தூரத்துக்கு மேல் பார்த்துப் பழகாத நெசவுக்காரர்களும் வருவார்கள். அவ்வளவு தொலைவு பார்த்து அவர்களுக்குக் கண்ணில் நீர் வரும். துடைத்துக்கொண்டு மறுபடி பார்ப்பார்கள்.

ஆனால் எங்கள் தெருவில் எல்லோரும் வரவில்லை. கடை வைத்திருந்த பெரியவர்கள் ஏறவில்லை. அக்கா வேறு சாதி, வேறு பக்கத்து ஆள். அவள் மல்லாட்டையைத் தின்றதற்காக என் மாமியாரிடம் நான் வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு. போடி என்று அடுத்த அமாவாசைக்கும் போனேன்.

ஒரு நாள் உச்சியில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தோம். "ஏன்க்கா, இப்படி ஊரையே இழுத்துகினு வர்றியே, உனக்கு இதுல இன்னா கெடைக்குது?" என்று கேட்டேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"சின்னம்மா, வேலை முடிஞ்சு உங்க வூட்ட வுட்டுக் கெளம்பும்போது நான் இன்னா சொன்னேன், நெனப்பு இருக்கா?"

"ஒன்னும் சொல்லலையே. கடப்பாரையைத் தூக்கிகினு போயிட்ட."

"ஆங். சொல்லக் கூடாது. கொத்தனாரு ‘போயிட்டு வரேன்’னு சொல்லலாம், பெயிண்டருகூட சொல்லலாம். இடிக்கிறவ சொன்னா வூட்டுக்காரங்க காதைப் பொத்திக்குவாங்க. திரும்ப வந்து இடிப்பியாடின்னு கேப்பாங்க. என்னையும் ஒருத்தரும் ‘போயிட்டு வா’ன்னு அனுப்ப மாட்டாங்க. நான் பாக்காத வூடு இந்த ஊர்ல இல்ல. ஒரு வூட்லயும் ‘வா, உக்காரு’ கெடையாது." கூடையிலிருந்து ஒரு பிடி அள்ளி என் மடியில் போட்டாள். "இங்கதான் நான் வாங்கன்றேன். இங்க வர்றவங்கதான் எங்கிட்ட போயிட்டு வரேன்க்கான்னு சொல்லிட்டு எறங்கறாங்க. அது போதும் எனக்கு. உங்க மாமாவும் ஒரு வாட்டி ஏறிட்டா நல்லா இருக்கும். பெரிய மனுஷன். அவரு வாயால ஒரு வார்த்தை."

மாமாவா, மலையிலா? நடக்கிற காரியமா என்று நினைத்துக்கொண்டேன்.

மாமாவுக்கு அந்த மலையைக் கண்டாலே ஆகாது. அதற்குக் காரணம் கலர். கல்யாண சீசனுக்கு முன்னால் எங்கள் ஊர்ப் பட்டுக் கடைக்காரர்கள் ராணுவ ரகசியம் போல் காப்பாற்றுவது இதைத்தான். இந்த வருஷம் உடலுக்கு என்ன கலர், பார்டருக்கு என்ன கலர் என்று பெற்ற பிள்ளையிடம்கூடச் சொல்லமாட்டார்கள். சாயம் போட்ட பட்டு நூலைத் தெருவில் காயவைத்தால் தெரிந்துவிடும் என்று மொட்டை மாடியில் மூங்கிலில் மாட்டிக் காயவைப்பார்கள். மாடி ஏறிவிட்டால் யார் பார்க்கப்போகிறார்கள்? அக்காவின் மலை வந்தது, எல்லா மாடியும் திறந்த புத்தகமாகிவிட்டது.

எங்கள் தெரு மூலையில் இன்னொரு பட்டுக் கடைக்காரர் இருந்தார். மூலைக்கடைக்காரர் என்றே சொல்கிறேன். அவரும் மாமாவும் வாலிப வயதில் ஒரே சைக்கிளில் பட்டு மூட்டை கட்டிக்கொண்டு போய் விற்றவர்கள். பிறகு ஏதோ ஒரு கலரை யார் முதலில் போட்டது என்கிற சண்டையில் பேச்சே நின்றுபோனது. கோயிலில் எதிரெதிரே வந்தால் சாமியைப் பார்ப்பது போல் திரும்பிக்கொள்வார்கள். அந்த மூலைக்கடைக்காரர் ஒரு சாயங்காலம் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு மலை ஏறியிருக்கிறார். எங்கள் மாடியைப் பார்த்திருக்கிறார். செங்கல் நிறமும் இல்லாமல், மாம்பழ நிறமும் இல்லாமல், அவர் ஆயுசில் பார்க்காத ஒரு கலர் மூங்கிலில் தொங்கியிருக்கிறது. ஓடிப்போய், அதே கலரில் அந்த சீசன் சரக்கு முழுவதற்கும் சாயம் போட்டுவிட்டார்.

எங்கள் மாடியில் தொங்கியது சாதாரண மாம்பழ மஞ்சள். சாயங்கால வெயில் அதன்மேல் விழுந்து அப்படிக் காட்டியிருக்கிறது.

எங்கள் சரக்கு வெளியே வந்ததும் மூலைக்கடைக்காரர் தலையில் கை வைத்துவிட்டார். மலை ஏமாற்றிவிட்டதாம். மாமாவுக்கோ, தன் மாடியை ஒருவன் உளவு பார்த்தான் என்பதே கொதிப்பு. இரண்டு பேரும் பேசிக்கொள்ளாமலே ஒரே முடிவுக்கு வந்தார்கள், மலை போகவேண்டும். ஆளுக்கு ஒரு ஆளை வேலூருக்கு அனுப்பினார்கள். நிலத்துக்காரர் பாவம், "ஊருல பெரியவங்க ரெண்டு பேரும் கேக்கறாங்க, நான் இன்னா சொல்றது? வாரிக்கச் சொல்லு" என்றுவிட்டார்.

வாருவதற்கும் அக்காவைத்தான் கூப்பிட்டார்கள். ஊரில் வேறு யாரிடம் டிராக்டரும் ஆளும் இருக்கிறது? அவள் சரி என்றும் சொல்லிவிட்டாள். நான் அழுதுகொண்டே அவளிடம் ஓடினேன். "முடியாதுன்னு சொல்லுக்கா!"

"எப்படிச் சொல்றது சின்னம்மா? ஊரான் வூட்ட எல்லாம் இடிச்சிட்டு, என்னுதுன்னு வந்தா மாட்டேன்னா, நல்லாவா இருக்கும்?" என்றாள். முகம் வாடித்தான் இருந்தது. "நாளைக்கு நல்ல நேரத்துல ஆரம்பிக்கறோம். உங்க மாமாவையும் மூலைக்கடை முதலாளியையும் வரச் சொல்லிட்டேன். அவங்க வராம கடப்பாரை போட மாட்டேன்."

இடிப்பு வேலையில் அது வழக்கம். இடிக்கச் சொன்னவர் உச்சியில் ஏறி, முதல் கல்லைத் தன் கையால் எடுத்துக் கொடுக்க வேண்டும். அப்போதுதான் பழி வேலைக்காரன் மேல் வராது. எங்கள் வீட்டுக்கும் மாமாதான் ஏணி ஏறி முதல் ஓட்டைக் கழற்றிக் கொடுத்தார். இதை யாரும் மறுக்கமுடியாது. இந்த வழக்கத்தை மனதில் வைத்துக்கொண்டுதான் அக்கா ‘சரி’ என்றாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கள்ளி, கேட்டால் வாயே திறக்கமாட்டாள்.

மறுநாள் வெயில் ஏறுவதற்கு முன்னாலேயே மாமா கிளம்பினார். வேண்டுமென்றே அவர் மூக்குக்கண்ணாடியை ஒளித்துவைத்தேன், பிறகு அதைக் கொடுக்கும் சாக்கில் நானும் ஓடினேன். கீழே டிராக்டரும் ஆட்களும் நின்றார்கள். ஒரு பக்கமாக மாமா ஏறினார், மறுபக்கமாக மூலைக்கடைக்காரர். உச்சிக்கு வந்ததும் மாமா மூச்சு வாங்கிக்கொண்டே குனிந்து ஒரு அரைச் செங்கல்லை எடுத்தார். எடுத்து நிமிர்ந்தார். நான் கண்ணாடியைக் கொடுத்தேன். போட்டுக்கொண்டார்.

அது தெருக்களில் பாவு நீட்டுகிற நேரம். நெய்வதற்கு முன்னால் பட்டு இழைகளைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிச் சரிபார்ப்பார்கள். தெருவுக்குள் நின்றால் நம் வீட்டுப் பாவு மட்டும் தெரியும். மேலேயிருந்து பார்த்தால் எல்லாத் தெருவிலும் ஒரே நேரத்தில் பச்சை, அரக்கு, கத்திரிப்பூ, மஞ்சள். எனக்கே அன்றைக்குத்தான் அப்படி வாய்த்தது. அமாவாசையில் ஏறினால் பாவு ஏது?

மாமா கல்லைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "நம்ம ஊரா இது?" என்றார் யாரையும் பார்க்காமல்.

அக்கா கூடையைக் கொண்டுவந்து துவைக்கிற கல்லின்மேல் வைத்தாள். பிறகு அவளால் அடக்க முடியவில்லை. "முதலாளி, உங்க வூடு எது, காட்டுங்க பாக்கலாம்."

"இதுல இன்னா இருக்குது? அதோ, பச்சைப் பெயிண்டு."

மூலைக்கடைக்காரருக்குப் பொறுக்கவில்லை. பேச்சில்லை என்பதே மறந்துவிட்டது. "யோவ், அது என் வூடுய்யா! உன்னுது அந்தாண்ட, தண்ணி டாங்கி பக்கத்துல."

"என் வூடு எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்ச லட்சணம்தான் பாக்கறேனே. அங்க தொங்கறது என் நூலு."

"ஓகோ. என் மாடியை மட்டும் நல்லா அடையாளம் தெரிஞ்சுதா உனக்கு, அன்னிக்கு?"

போச்சு, அடிதடிதான் என்று நான் பயந்தேன். மூலைக்கடைக்காரர் துவைக்கிற கல்லில் தொப்பென்று உட்கார்ந்தார். "அத்த ஏன்யா கேக்கற? பாதி செங்கல்லு கணக்கா இருந்துதுய்யா, சத்தியமா. மாம்பழத்தைப் பாத்து ஏமாந்து சீசன் மொத்தத்துக்கும் முக்கிட்டேன்யா."

மாமா சிரித்தார். நான் அந்த வீட்டுக்கு வந்து அவர் சிரித்துப் பார்த்ததில்லை. முதலில் மூக்கில் வந்தது, பிறகு வயிறு குலுங்கியது, கண்ணாடி நழுவியது. "வெயிலைப் பாத்து சாயம் போட்டவன் நீ ஒருத்தன்தான்டா! அப்புறம் அந்தச் சரக்கு இன்னா ஆச்சு?"

"அத்த ஏன் கேக்கற? மெட்ராஸ்காரன் இன்னும் குடு, இன்னும் குடுன்றான். மறுபடி அந்தக் கலரு வரமாட்டேங்குது எனக்கு."

மாமாவும் உட்கார்ந்தார். இரண்டு பேரும் கலர் கலராகப் பேசினார்கள். அதோ அந்தப் பாவு யாருடையது, அந்த அரக்கு சரியில்லை, அந்தக் கத்திரிப்பூ நல்லா வரும் என்று கை நீட்டி நீட்டிச் சண்டை போட்டார்கள். பேச்சு வாக்கில் மாமாவின் கை கூடைக்குள் போனது. மூலைக்கடைக்காரர் கையும் போனது. உரித்து உரித்துத் தின்றார்கள். வேட்டியெல்லாம் மல்லாட்டைத் தோல். அக்கா என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். வாயைப் பொத்திக்கொண்டோம்.

கீழேயிருந்து ஆட்கள் சத்தம் கொடுத்தார்கள். அக்கா மெதுவாகச் சொன்னாள், "முதலாளி, நல்ல நேரம் போவுது. கல்லைக் குடுத்தீங்கன்னா ஆரம்பிச்சிடுவோம்."

மாமா மடியில் கிடந்த செங்கல்லைப் பார்த்தார். அது எங்கிருந்து வந்தது என்பது போல் பார்த்தார். பிறகு ஊரைப் பார்த்தார். "இருக்கட்டும் போ" என்று எடுத்த இடத்திலேயே அதை வைத்துவிட்டு, மேலே இருந்து ஒரு தட்டும் தட்டினார். "ஆளுங்களுக்கு வேற எடத்துல வேலை இருந்தா அனுப்பும்மா. வேலூர்க்காரனுக்கு நான் சொல்லிக்கறேன்." மூலைக்கடைக்காரர், "ரெண்டு பேருமே சொல்லுவோம்" என்றார்.

அக்கா தலைத் துண்டை அவிழ்த்தாள், மறுபடி கட்டினாள்.

வெயில் ஏறிவிட்டது. மாமா எழுந்து வேட்டியை உதறினார். சரிவில் கால் வைக்கப்போனவர், எந்த வீட்டிலிருந்து கிளம்பினாலும் எப்படித் திரும்பிப் பார்ப்பாரோ அப்படித் திரும்பிப் பார்த்தார்.

"சரிம்மா. நாங்க போயிட்டு வரோம்."

"வாங்க முதலாளி" என்றாள் அக்கா. சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு விளிம்புக்கு ஓடினாள். "சாய்ங்காலம் வாங்க, இன்னும் ஜோரா இருக்கும்! வூட்ல எல்லாரையும் இட்டுகினு வாங்க! வாங்க!" அவர்கள் இரண்டு பேரும் ரோட்டைத் தாண்டி, பேசிக்கொண்டே தெருமுனையில் திரும்பி மறையும்வரை, கையை உயர்த்தி வாங்க, வாங்க என்று சொல்லிக்கொண்டே நின்றாள்.